மெயின் லைனா, கார்டு லைனா?

போன வாரம் கூடுவாஞ்சேரி வீட்டில் என் மகன் போனைத் தேய்த்தபடியே கேட்டான். “அம்மா, திருச்சிக்கு ரெண்டு வண்டி காட்டுது. ஒண்ணு அஞ்சு மணி நேரம். இன்னொண்ணு ஏழு மணி நேரத்துக்கும் மேல. எந்த முட்டாள்மா அந்த ரெண்டாவதுல போவான்?”

முட்டாள் யார் என்று எனக்குத் தெரியும். அந்த முட்டாளுக்கு அப்போது ஒன்பது வயது, ரெட்டைப் பின்னல்.

நம் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் சட்டென்று புரியும். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரி. சென்னையிலிருந்து கிளம்பும் வண்டி விழுப்புரம் வரை ஒரே பாதையில் போகும். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். விருத்தாசலம் வழியாக நேரே திருச்சிக்குப் போவது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நின்று குசலம் விசாரித்துவிட்டுப் போவது மெயின் லைன். பெயரில்தான் மெயின், அவசரக்காரர்கள் யாரும் அதில் ஏற மாட்டார்கள்.

அப்பா தாம்பரத்தில் மின்சார ரயில் ஷெட்டில் வேலை பார்த்தார். ரயில்வேக்காரர் வீட்டில் டிக்கெட் என்ற பொருளையே நாங்கள் பார்த்ததில்லை. எங்கே போனாலும் ரயில்வே கொடுக்கும் இலவச பாஸ். கவுண்டரில் நின்று டிக்கெட் வாங்குவது, சமையல்காரர் ஓட்டலில் போய்ச் சாப்பிடுவது மாதிரி ஒரு வெட்கக்கேடு என்று அப்பா நினைத்தார். டைம் டேபிள் புத்தகத்தை அவர் படிப்பதைப் பார்க்க வேண்டும். மற்ற வீடுகளில் பூஜை அறையில் இருக்கும் பயபக்தி எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு இருந்தது. மூன்று ஐம்பது என்று அச்சில் இருந்தால் அவருக்கு அது மூன்று ஐம்பதுதான்.

அந்த வருஷம் ஆனி மாதம் அக்காவுக்குத் திருச்சியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். குறிப்பிட்ட நாளில், மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்களை நேரில் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்கு. அந்த வரியைக் கடிதத்தில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். அக்கா கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பதினெட்டு வயது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பள்ளிப் படிப்பைத் தாண்டிப் போகப்போகிற முதல் பெண் அவள்தான்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நானும் கூட வருவதாக ஏற்பாடு. தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா வீட்டிலேயே தங்கிவிட, துணைக்கு நான்.

“நீ சொல்லு. மெயின் லைன்ல போலாமா, கார்டு லைன்ல போலாமா?”

ஒன்பது வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வாள்? கொள்ளிடம் பாலத்தில் வண்டி போகும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்கும். பண்ருட்டியில் பலாச்சுளை விற்பார்கள். பெட்டிக்குள்ளேயே வாசனை ஏறி உட்கார்ந்துகொள்ளும். கார்டு லைனில் என்ன இருக்கிறது, முந்திரிக்காடும் செம்மண்ணும்தானே.

“மெயின் லைன்!” என்று குதித்தேன்.

“பாத்தியா, சின்னவ ஆசைப்படுறா,” என்றார் அப்பா, அக்காவைப் பார்த்து.

“அப்பா, கார்டு லைன்ல போனா ஒண்ணே முக்காலுக்குப் போயிடலாம்.”

“இதுல மூணு அம்பது. உனக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஒரு மணி பத்து நிமிஷம் கையில இருக்கும்மா.”

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்று அவள் எனக்குப் பின்னல்கூட அவிழ்த்துவிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப வலித்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்று அன்று இரவு எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பெட்டி கட்டும்போது அடியில் மாம்பழக் கலர் பட்டுப் புடவையை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடியதை நான் பார்த்துவிட்டேன்.

“மாயவரத்துல அத்தை ஒரு இடம் பாத்திருக்கா,” என்று அம்மா என் காதோடு சொன்னாள். “வண்டி அங்க கால் மணி நேரம் நிக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிளாட்பாரத்துக்கே வந்து பொண்ணைப் பாத்துடுவாங்க. சீர்காழி தாண்டினதும் அப்பா அவகிட்ட சொல்லுவார். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது.”

இதைக் கேட்டு இளையவர்கள் சிரிக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இது நடக்கிற விஷயம்தான். கரி இன்ஜின் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் பிளாட்பாரத்திலேயே பெண் பார்த்து, பூ வைத்து, ஃபிளாஸ்க் காப்பி குடித்து, வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பஜ்ஜி, சொஜ்ஜிச் செலவும் மிச்சம். அப்பாவுக்கு ஒரே பாஸில் இரண்டு வேலை. நர்ஸ் இடம் ஒரு கையில், மாப்பிள்ளை இன்னொரு கையில்.

பின்னாளில் நானே ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முப்பது வருஷம் பாஸ் எழுதிய கை இது. எந்த வழியாகப் போகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதித் தர வேண்டும். பாஸ் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அப்படியானால் அப்பா என்னிடம் “எந்த லைன்?” என்று கேட்டபோதே மெயின் லைன் பாஸ் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அக்காவிடம் காட்ட என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு விண்ணப்பத்தில் சீல் குத்திக்கொண்டிருந்தபோது உறைத்தது. சீலை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அப்பாமேல் அவ்வளவு கோபம் வந்தது.

புறப்படுகிற நாள் காலை ஆறரைக்குத் தாம்பரத்துக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. ஆறே முக்கால், ஏழு, ஏழே கால். அக்கா சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் நுனிக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். அப்பாவுக்குத் தெரிந்த போர்ட்டர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

“இன்னா சார், இங்கயே குந்திகினு கீற? வண்டி இப்பத்தான் எக்மோரத் தாண்டிச்சாம். பாப்பாக்கு அவசரம்னா பின்னாலயே கார்டு லைன் வண்டி வருது. அதுல ஏத்தி வுட்டுடு சார்.”

அக்கா சட்டென்று திரும்பினாள். “அப்பா, அதுல போயிடலாம்ப்பா. ப்ளீஸ்ப்பா.”

“பாஸ் மெயின் லைனுக்கு எழுதியிருக்கும்மா. அந்த வண்டில ஏறினா நாம டிக்கெட் இல்லாதவங்க.”

“டிக்கெட் எடுக்கலாமே.”

அப்பா அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தார். “ரயில்வேக்காரன் டிக்கெட் எடுக்கிறதா? லேட்டெல்லாம் டிரைவர் வேகமா ஓட்டி மேக்கப் பண்ணிடுவான். நீ உக்காரு.”

புது பாஸுக்குத்தான் ஒரு வாரம்; கையில் இருக்கிற பாஸில் வழியை மாற்ற ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருந்தால் அங்கேயே செய்து கொடுத்திருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மாயவரத்தில் அத்தை மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து நிற்பாள்.

வண்டி ஏழு முப்பத்தைந்துக்கு வந்தது. ஜன்னல் சீட்டு எனக்கு. அது இவ்வளவு கசக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அக்கா எதிர் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷன் கடிகாரத்தையும் எட்டிப் பார்த்தாள். செங்கல்பட்டு ஏரி போயிற்று, மதுராந்தகம் போயிற்று. வண்டி லேட்டைக் குறைக்கவில்லை, வளர்த்தது. திண்டிவனத்துக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் பதினைந்து நிமிஷம் நின்றபோது, அப்பாவே டைம் டேபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சுக்குள்ள போயிடுவோமாப்பா?”

“போயிடலாம், போயிடலாம்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

விழுப்புரத்தில் வண்டி நின்றபோது மணி பத்தே கால். அங்கே மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரி இன்ஜின் மாட்டுவார்கள். எந்தப் பயணமானாலும் அப்பா அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் வர மாட்டார். ஷெட்டிலிருந்து கரி இன்ஜின் இன்னும் வரவில்லை என்று யாரோ சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே இறங்கி முன்பக்கம் போனார்.

அக்கா எனக்கு இட்லிப் பொட்டலம் எடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். துண்டை நகர்த்தினாள். பட்டுப் புடவையின் ஜரிகை தெரிந்தது.

புடவையை வெளியே எடுத்துப் பிரித்தாள்.

“இது எதுக்குடி?”

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு நொடிதான் தாங்கியது. அத்தை, மாயவரம், பிளாட்பாரம், பூ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “நான் பாலத்துக்காகத்தான் கேட்டேன்க்கா, எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா,” என்று அழுதேன். அது பாதிப் பொய். முதலில் தெரியாது, தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. புடவையை மறுபடி மடித்து, துண்டால் மூடி, பெட்டியைப் பூட்டினாள். அப்போதுதான் பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்தில் கார்டு லைன் வண்டி வந்து நின்றது. அதற்குச் சென்னையிலிருந்தே டீசல் இன்ஜின். கழற்றி மாட்டுகிற வேலை கிடையாது. டீ குடிக்கிற நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடும்.

அக்கா அந்த வண்டியைப் பார்த்தாள். முன்பக்கம் இன்ஜின் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என் முன்னால் குனிந்தாள்.

“அப்பா ஏற்கெனவே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டார். நான் மட்டும் போனா போதும். நான் டியூஷன் எடுத்த காசு இருக்கு, டிடிஆர்கிட்ட டிக்கெட் போட்டுக்கிறேன். அப்பா வந்து கேட்டா இன்னாடி சொல்லுவ?”

கோபத்திலோ பயத்திலோதான் அக்கா வாயில் ‘இன்னா’ வரும். வீட்டில் அப்படிப் பேசினால் அம்மா வாயில் சுண்டிவிடுவாள்.

“பாத்ரூம் போயிருக்கன்னு சொல்றேன்.”

“வண்டி நல்லா கிளம்பினப்புறம் உண்மைய சொல்லிடு. சாயங்காலம் திருச்சி ஸ்டேஷன்ல பொம்பளைங்க வெயிட்டிங் ரூம்ல இருப்பேன்னு சொல்லு. அழாம சொல்லணும்.”

ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிளாட்பாரத்தின் அகலம் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அதைக் கடக்கும்போது அவள் ஓடவில்லை. ஓடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட டிடிஆரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டி, பெண்கள் பெட்டியைக் காட்டினார். ஏறிவிட்டாள். அந்த வண்டி கிளம்பிப் போகிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வண்டி பதினொன்று ஐந்துக்குக் கிளம்பியது. நகர ஆரம்பித்த பிறகுதான் அப்பா ஏறினார். சட்டையெல்லாம் கரி.

“அக்கா எங்க?”

“பாத்ரூம்.”

அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. அப்பா எழுந்து போய்க் கழிவறைக் கதவைத் தட்டுவது கேட்டது. “அம்மா, உடம்பு சரியில்லையா? அப்பாதான்மா.” மறுபடி தட்டினார். கதவைத் திறந்துகொண்டு மீசை வைத்த ஒரு ஆள் வெளியே வந்து, “யாருய்யா உனக்கு அம்மா?” என்று முறைத்தார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அப்பா திரும்பி வந்தார். நான் சொன்னேன், அழாமல். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை மேலே போயிற்று. என்னை அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் கை அபாயச் சங்கிலியைப் பிடித்திருந்தது. இழுத்தால் வண்டி நிற்கும். நின்று என்ன ஆகும்? அக்கா போன வண்டி இந்நேரம் வேறு பாதையில் வெகு தூரம் போயிருக்கும். காரணமில்லாமல் சங்கிலி இழுக்கிறவர்களை அவர் வாழ்நாளெல்லாம் திட்டியவர். கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“அவ ஏறின பெட்டில பொம்பளைங்க இருந்தாங்களா?”

“இருந்தாங்கப்பா. பொம்பளைங்க பெட்டிதான்.”

அதற்குப் பிறகு மாயவரம் வரை அவர் மூடிய டைம் டேபிளை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல். பண்ருட்டியில் பலாச்சுளைக்காரி ஜன்னலருகே வந்து நின்றாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கொள்ளிடம் பாலத்தில் வண்டி தடதடத்துப் போனது. எனக்கு அப்பா மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. தனியாகப் போகிற பெண்ணுக்கு என்னென்ன ஆகலாம் என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் குழாயடியில் பேசிய கதையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அவளை நான்தான் அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

மாயவரத்தில் அத்தை எங்கள் பெட்டியோடு கூடவே ஓடி வந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் அம்மா, கையில் மல்லிகைப் பூப்பந்து. மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்த பூ வாடிப் போயிருந்தது.

“பொண்ணு எங்கண்ணா?” என்றாள் அத்தை.

அப்பா வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உடம்பு சரியில்லை என்று சொல்வார், தாம்பரத்திலேயே இருக்கிறாள் என்று சொல்வார் என்று நான் நினைத்தேன்.

“வண்டி லேட்டு. அஞ்சு மணிக்குள்ள போகணுமேன்னு வேற வண்டில நான்தான் அனுப்பிச்சேன்.”

“தனியாவா?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“தனியாத்தான். படிக்கப் போற பொண்ணு.”

அந்த அம்மாள் பூவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அத்தை வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி அரை மணி நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் அப்பா வாசலை விட்டு நகரவில்லை, அவர்கள் முதுகு மறைந்த பிறகும்கூட.

தஞ்சாவூர் வந்தபோது ஐந்து மணி ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. அப்பா ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். திருச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்த வண்டியில் வந்திருந்தால் அக்காவுக்கு இடம் இல்லை என்பது எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியாமல் இருக்குமா?

திருச்சியில் இறங்கியபோது மணி ஆறு பத்து. வெயில் இன்னும் இருந்தது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. பெண்கள் காத்திருப்பு அறை வாசலில் ஆயா ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி, அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அடக்கிவைத்திருந்த அழுகை வந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள்.

“அப்பா ரொம்பக் கோபமா இருக்காரா? அவர் சொல்லாம நான் வெளிய வரமாட்டேன்.”

நான் வெளியே வந்தேன். “அக்கா இருக்காப்பா.”

அப்பா பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். “கிடைச்சுதான்னு கேளு,” என்றார்.

உள்ளே ஓடினேன். வெளியே ஓடிவந்தேன். “கிடைச்சுதாம்ப்பா. கையெழுத்துப் போட்டுட்டாளாம்.”

“அந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துதாம்?”

மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. “ரெண்டே முக்காலுக்காம்.”

ஆயாவுக்கு எங்களைப் பார்த்து வேடிக்கையாக இருந்திருக்கும். அப்பா பிளாட்பாரத்துக் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். வீட்டில் யாரிடமும் எதற்கும் அவர் தன்மேல் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

“போய்ச் சொல்லு,” என்றார். “நம்ம வண்டி ரெண்டு மணி இருபது நிமிஷம் லேட்டுன்னு அப்பா சொன்னார்னு சொல்லு.”

நான் உள்ளே போய் ஒரு நிமிஷம்கூடக் குறைக்காமல் அப்படியே சொன்னேன். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, அதைக் கேட்டதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி அழுதாள். அழுது முடித்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.